‘வேறு’ என்னும் சொல்: உணவகப் புகைத்தடைச் சட்டங்களில் சொல்லும் உரிமையும்

உணவகங்களில் புகைபிடித்தலைத் தடைசெய்த இந்தியச் சட்டங்களின் வரலாறு பெரும்பாலும் பொதுநலவாழ்வின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அதனைச் சொற்களின் வரலாறாகக் காணவும் இடமுண்டு. உணவக உரிமையாளரின் தொழில் உரிமை எவ்விடத்தில் முடிகிறது, உண்ண வருவோரும் பரிமாறுவோரும் தூய காற்றைப் பெறும் உரிமை எவ்விடத்தில் தொடங்குகிறது என்னும் எல்லை 1996க்கும் 2017க்கும் இடையே பலமுறை இடம் மாறியது. அம்மாற்றங்களை உற்றுநோக்கின் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு பெயரோ, ஓர் அடையோ, ஒரு தொடரமைப்போ நிற்பதைக் காணலாம். மொழிபெயர்ப்பாளர் பெரிதாகக் கருதாமல் கடந்து செல்லும் ‘வேறு’ என்னும் அடை, மும்பை உணவகங்களில் நடந்த ஒரு தொழிலை ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக் காலம் தாங்கி நின்றது.

பொது இடம்

1996ஆம் ஆண்டின் தில்லிப் புகைத்தடைச் சட்டம் ‘பொது இடம்’ என்று கூறவில்லை. ‘பொதுப்பணிக்கோ பயன்பாட்டுக்கோ உரிய இடம்’ என்னும் தொடரையே அது ஆண்டது. அரங்குகள், மருத்துவமனைகள், கேளிக்கை மையங்கள், உணவகங்கள், அலுவலகங்கள், நீதிமன்றங்கள், கல்விக்கூடங்கள், நூலகங்கள் ஆகியன அதில் அடங்கின, திறந்தவெளி விலக்கப்பட்டது. உரிமையாளர் யார் என்ற வினா இத்தொடரில் எழுவதே இல்லை. இடத்தின் பயன் யாருக்கு என்பதே அளவுகோல்.

2001 நவம்பர் 2ஆம் நாள் முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் தடை ஒன்றை விதித்தது. புகைக்காதவரின் உயிர்வாழும் உரிமையை, அதாவது அரசமைப்பின் 21ஆம் உறுப்பை, அது அடிப்படையாகக் கொண்டது. நீதிமன்றம் தந்த பட்டியலைத் தில்லிச் சட்டத்தின் பட்டியலோடு ஒப்பிட்டால், அரங்குகளும் மருத்துவமனைகளும் நூலகங்களும் இரண்டிலும் உள்ளன. பொதுப் போக்குவரத்து ஊர்திகள் புதிதாகச் சேர்ந்துள்ளன. கேளிக்கை மையமும் உணவகமும் காணப்படவில்லை. விடுபட்டவை இரண்டும் பெரும்பாலும் தனியார் வணிகத்துக்கு உரியவை.

உணவகத்தை மீண்டும் பட்டியலுள் கொணர்ந்தது 2003ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம். ‘உரிமைப்படியோ அன்றியோ பொதுமக்கள் சென்றுசேரத்தக்க இடம்’ என்று அதன் 3ஆம் பிரிவு பொது இடத்தை வரையறுத்தது. ‘உரிமைப்படியோ அன்றியோ’ என்பது வரைவாளரின் வெற்றுப் பெருக்கமாகத் தோன்றலாம். ஆனால் நகரத்து உணவகங்களின் வாயிலில் நெடுங்காலமாகத் தொங்கும் ஒரு பலகையை இங்கு நினைத்தல் தகும். ‘உள்ளே அனுமதிக்கும் உரிமை நிருவாகத்துக்கே உரியது’ என்பது அதன் வாசகம். உணவகம் தம் உடைமை, வருவோர் தம் இசைவின்பேரில் வருவோர், ஆதலின் அது பொது இடமன்று என்னும் உரிமையாளர் வாதத்தின் சுருக்கமே அப்பலகை. அதற்கு மறுமொழி சட்டத்தின் இந்த இரு சொற்களில் இருக்கிறது. இத்தொடரை ‘பொதுமக்கள் செல்லும் இடம்’ என்று சுருக்கித் தமிழாக்குவோர், ஒரு வழக்கின் முடிவையே விட்டுவிடுகின்றனர்.

முப்பது இருக்கை

இதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, தடையை விதித்தபின் ஒரு விலக்கையும் தந்தது. முப்பது அறைகளுள்ள தங்கும் விடுதியும், முப்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ அமரத்தக்க உணவகமும், விமான நிலையமும் புகைபிடித்தற்குத் தனிப்பகுதி அமைத்துக்கொள்ளலாம். ஆங்கில மூலத்தில் ‘அதற்கு மேற்பட்ட’ என்பது தொடரின் இறுதியில் நிற்பதால், அது இருக்கைக்கு மட்டும் உரியதா, அறைக்கும் உரியதா என்ற ஐயம் எழும். 2008ஆம் ஆண்டு விதிகள் அறைக்கும் அதனைத் தனியே சேர்த்து எழுதி ஐயத்தை நீக்கின.

தமிழில் இடர் வேறொன்று. ‘ஓட்டல்’ என்னும் சொல் தமிழ் வழக்கில் பெரும்பாலும் உண்ணும் இடத்தைக் குறிக்கும். தங்கும் இடத்தை லாட்ஜ் என்பர். சட்டத்தின் ‘ஹோட்டல்’ தங்கும் இடம். ‘முப்பது அறைகளுள்ள ஓட்டல்’ என்று எழுதினால் இட்லிக் கடைக்கு முப்பது அறைகள் எதற்கு என்று படிப்போர் திகைப்பர். தங்கும் விடுதி, உணவகம் என்று பிரித்தெழுதுதலே நேரிது.

முப்பது என்னும் எண் வணிகரை இரு வகுப்பாகப் பிரித்ததையும் சொல்லியாக வேண்டும். விலக்கு பெரிய உணவகத்துக்கு மட்டுமே கிட்டியது. பத்துப் பேர் அமரும் மெஸ் நடத்துவோருக்கு அவ்வாய்ப்பே இல்லை. தொழில் உரிமையின் பெயரால் நடந்த வழக்காடல்களில் சிறுகடைக்காரரின் இந்தக் குறை போதிய அளவு பேசப்பட்டதாகக் கூற இயலாது.

உரிமையாளர் காவலரான கதை

2008 மே 30ஆம் நாள் அறிவிக்கப்பட்டு அக்டோபர் 2ஆம் நாள் நடைமுறைக்கு வந்த விதிகள், உரிமையாளரின் நிலையை அடியோடு மாற்றின. புகைபிடிப்பவரைத் தடுக்கும் கடமை உரிமையாளர், மேலாளர், மேற்பார்வையாளர் ஆகியோர்மீது விழுந்தது. பொது இடம் என்பதில் பணியிடமும் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. இது குறிப்பிடத்தக்கது. அதுவரை உணவகம் என்றால் வந்து செல்லும் வாடிக்கையாளரின் இடம். நாளெல்லாம் அங்கேயே நின்று பிறர் விட்ட புகையை உட்கொள்ளும் பரிமாறுநர் சட்டவாசகத்தின் கண்ணுக்குப் புலப்படவில்லை. ‘பணியிடம்’ என்னும் ஒரு பெயர் அவரைப் புலப்படச் செய்தது.

இவ்விதிகளை ஒரு சிகரெட் நிறுவனமும் விடுதி உரிமையாளர் அமைப்பும் எதிர்த்தன. எந்தத் தொழிலையும் நடத்தும் உரிமையை 19ஆம் உறுப்பு தருகிறது. பொதுமக்கள் நலன் கருதி நியாயமான கட்டுப்பாடு விதிக்கும் அதிகாரத்தை அதே உறுப்பு அரசுக்கும் தருகிறது. 2008 செப்டம்பர் இறுதியில் உச்ச நீதிமன்றம் விதிகளை நிறுத்திவைக்க மறுத்துவிட்டது.

எனினும் உரிமையாளரின் முறையீட்டில் மொழி சார்ந்த ஒரு நியாயம் உண்டு. மீறல் பற்றித் தெரிவிக்கப்பட்டும் நடவடிக்கை எடுக்காத உரிமையாளர் ‘தனித்தனிக் குற்றங்களின் எண்ணிக்கைக்குச் சமமான அபராதம்’ செலுத்த வேண்டும் என்பது விதி. எண்ணிக்கைக்கு அபராதம் எங்ஙனம் சமமாகும்? பத்துக் குற்றத்துக்குப் பத்து ரூபாயா? ஒவ்வொரு குற்றத்துக்கும் சட்டம் குறித்த 200 ரூபாய் வரையிலான தொகையை எண்ணிக்கையால் பெருக்குக என்பதே கருத்தாதல் வேண்டும். ஆனால் வாசகம் அதைச் சொல்லவில்லை. தண்டத்தொகையை வாசகத்திலிருந்து கணக்கிட முடியாத நிலையில் ஒருவரைத் தண்டிப்பது முறையாகாது.

அறிவிப்புப் பலகையின் வாசகமும் ஆராயத்தக்கது. 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில் வைக்கப்படவேண்டிய அப்பலகை ‘நோ ஸ்மோக்கிங் ஏரியா’ என்று தொடங்குகிறது. ‘ஸ்மோக்கிங் ஏரியா’ என்பது அதே விதிகளில் ஒரு கலைச்சொல். தனியே ஒதுக்கப்பட்ட புகைப்பகுதியைக் குறிப்பது. ஆதலின் ஆங்கிலப் பலகையை ‘புகைப்பகுதி இங்கில்லை’ என்றும் பிரிக்கலாம், ‘புகைத்தல் கூடாத பகுதி’ என்றும் பிரிக்கலாம். எதிர்மறைப் பெயரெச்சமுள்ள தமிழில் இம்மயக்கம் தோன்ற வழியில்லை.

இரண்டு ‘பிற’

2008 விதிகளில் ‘பிற’ அல்லது ‘வேறு’ என்று தமிழாக்கத்தக்க ஆங்கிலச் சொல் இரண்டு முதன்மையான இடங்களில் வருகிறது. முதலாவது, பொது இடத்தில் சாம்பற்கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர், ‘புகைபிடித்தலுக்கு உதவும் வகையில் அமைந்த பிற பொருள்கள்’ வைக்கலாகாது என்பது. இங்குப் பிற என்பது இனஞ்சுட்டி விரிவது. தேநீர்க்கடைக் கம்பத்தில் கனன்று தொங்கும் தேங்காய்நார்க் கயிற்றை எந்த வரைவாளரும் எண்ணியிருக்க மாட்டார். ஆயினும் அது அச்சொல்லுள் அடங்கிவிடும்.

இரண்டாவது, புகைப்பகுதி பற்றியது: ‘புகைபிடித்தற்கு மட்டுமே அது பயன்படுத்தப்பட வேண்டும், வேறு சேவை எதுவும் அனுமதிக்கப்படலாகாது.’ மட்டுமே என்பதன் ஏகாரம் பிரிநிலை. எதுவும் என்பதன் உம்மை முற்றும்மை. சிக்கல் அவற்றில் இல்லை, இடையே நிற்கும் ‘வேறு’ என்பதில் உள்ளது. ‘வேறு சேவை’ என்றால் முன்னர்க் கூறப்பட்டதும் ஒரு சேவை என்பது முற்கோளாகிறது. அப்படியாயின் புகைபிடிக்கத் தருவதும் அனுமதிக்கப்பட்ட சேவையே. ஆனால் வழக்கு மொழியில் இம்முற்கோள் இல்லாத ஆட்சியும் உண்டு. ‘தண்ணீர் மட்டும் பருகினார், வேறு உணவு எதுவும் கொள்ளவில்லை’ என்னும்போது தண்ணீர் உணவாகிவிடுவதில்லை. இரு பொருளும் மொழிக்கு இயல்பானவை.

மும்பை உணவகங்களின் ஹூக்காத் தொழில் இந்த இரு பொருள்களுக்கிடையே சிக்கியது. 2011 ஜூலையில் மும்பை மாநகராட்சி, உணவக உரிமத்தில் ஹூக்காவைத் தடுக்கும் நிபந்தனைகளைச் சேர்த்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அவற்றை ஏற்றது. 2014 டிசம்பர் 8ஆம் நாள், நரிந்தர் சாதா வழக்கில், உச்ச நீதிமன்றம் மாறுபட்டது. விதி விலக்குவது உணவு, பானம் போன்ற வேறு சேவைகளையே. புகைப்பகுதியில் ஹூக்கா தருவது புகைபிடித்தலுள் அடங்கும் என்று அது பொருள் கொண்டது. சட்டம் அனுமதித்ததை உரிம நிபந்தனை பறிக்கலாகாது என்பதும் தீர்ப்பின் கருத்து. புகைபிடித்தலுக்குச் சட்டம் தந்த வரையறையில் குழல் முதலிய கருவிகளின் துணையோடு புகைத்தலும் இடம்பெற்றிருந்தது இதற்குத் துணைநின்றது.

இத்தீர்ப்பு உடல்நலத்துக்கு உகந்ததா என்பது வேறு வினா. பொருள்கோள் நெறியில் அது சரியே. வாசகத்தில் நிற்கும் ஒரு சொல்லுக்குப் பயன் இல்லை என்று கொள்வது உரையாசிரியர் மரபுக்கும் உடன்பாடன்று. சொல் வீணே நில்லாது என்பதே அவர்கள் தொடங்கும் இடம். பிழை விதியை வரைந்தோருடையது. அதற்குரிய இழப்பை உரிமையாளர் ஏற்க வேண்டும் என்பதற்கு நியாயமில்லை.

அரசு தன் பிழையை உணர்ந்தது. 2017 மே 23ஆம் நாள் அறிவிக்கப்பட்ட திருத்தத்தில் ‘வேறு’ நீங்கியது. புகைப்பகுதியில் ‘எந்தச் சேவையும் அனுமதிக்கப்படலாகாது’ என்று விதி மாறியது. திருத்தத்தின் ஆங்கிலத்தில் ஒரு விந்தை உள்ளது. ஆங்கில வழக்கில் எதிர்மறைக் குறிப்பு எழுவாயோடு முன்னே வர வேண்டும். இங்கோ ‘எந்தச் சேவையும்’ என்பதற்கு நேரான சொற்கள் எழுவாயாக முன்னே நிற்க, எதிர்மறை பின்னே வினையோடு வருகிறது. இது தமிழ், இந்தி முதலிய இந்திய மொழிகளின் தொடரமைப்பு, ஆங்கிலச் சொற்களை உடுத்து வந்தது. தமிழில் மொழிபெயர்ப்போருக்கு இங்கு எவ்விடரும் இல்லை. மூலமே பாதி தமிழாக்கம்.

பின்னர் மாநிலங்கள் அடைகளை நம்பவில்லை. குசராத்து 2017இலும் மராட்டியம் 2018இலும் தத்தம் திருத்தச் சட்டங்களால் ஹூக்காக் கூடங்களைப் பெயர் சுட்டியே தடைசெய்தன. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022இல் நிறைவேற்றிய இத்தகைய திருத்தம் 2023இல் குடியரசுத் தலைவரின் இசைவைப் பெற்றது. அதையொட்டித் தமிழில் ‘புகைக்குழல் கூடம்’ என்னும் ஆக்கம் வழக்குக்கு வந்தது. குழலும் கூடமும் அதில் உள்ளன, புகையிலை இல்லை. நடுவணரசுச் சட்டத்தின் 3ஆம் பிரிவோ புகைபிடித்தலைப் புகையிலையோடு மட்டும் பிணைத்தே வரையறுக்கிறது. புகையிலை கலவாத மூலிகை ஹூக்காவைத் தமிழ்ச் சொல் தன்னுள் அடக்குகிறது. நடுவணரசுச் சட்டத்தின் சொல் அடக்கவில்லை.