மலாவி ஏரியில் ஸ்கூபா முக்குளிப்பு: பயணிகளுக்கும் உடன் செல்வோருக்கும் உடல்நலக் குறிப்புகள்

தென்கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள மலாவி, கடற்கரை இல்லாத நாடு. எனினும் அங்குள்ள மாபெரும் நன்னீர் ஏரியில் வாழும் சிக்லிட் என்னும் வண்ணமீன்களைக் காண, கேப் மெக்லியர் போன்ற இடங்களுக்கு முக்குளிப்போர் வருகின்றனர். கடலில் முக்குளித்துத் தேர்ந்தவரும் இந்த ஏரிக்கெனத் தனியே ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும்.

யார் மருத்துவ ஆலோசனை பெற வேண்டும்?

வலிப்பு நோய், கட்டுப்படாத ஆஸ்துமா, இதய நோய், முன்பு நுரையீரல் உறையில் காற்றுப் புகுந்த நிலை ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதலின்றி முக்குளித்தல் கூடாது. கர்ப்பிணிகள் முக்குளிப்பை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

உயரமும் அழுத்தமும்

ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 475 மீட்டர் உயரத்தில் உள்ளது. 300 மீட்டருக்கு மேல் உள்ள நீர்நிலைகளில், உயரத்திற்கேற்பத் திருத்திய அட்டவணையையோ முக்குளிப்புக் கணினியையோ பயன்படுத்த வேண்டும். நன்னீரின் அடர்த்தி குறைவு என்பதால், இடுப்பில் கட்டும் எடையையும் கடலில் கட்டுவதைவிடக் குறைத்துக்கொள்ளலாம்.

பலமுறை முக்குளித்தவர், இறுதி முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். 24 மணி நேரம் விடுவது மேலும் பாதுகாப்பானது. பலரும் விமானத்தை மட்டுமே எண்ணுகின்றனர். தலைநகர் லிலாங்வே சுமார் 1,050 மீட்டர் உயரத்திலும், டெட்சா நகரம் சுமார் 1,600 மீட்டர் உயரத்திலும் உள்ளன. முக்குளித்த அன்றே காரில் மேட்டுநிலம் ஏறினாலும், உடலில் கரைந்துள்ள நைட்ரஜன் குமிழிகளாக மாறி அழுத்தநீக்க நோயை உண்டாக்கக்கூடும். மூட்டுவலி, மரத்துப்போதல், தலைச்சுற்றல், கைகால் தளர்ச்சி ஆகியவை இதன் அறிகுறிகள். இவை தோன்றினால் உடனே ஆக்சிஜன் அளித்து மருத்துவ உதவி நாட வேண்டும். அருகிலுள்ள உயரழுத்தச் சிகிச்சை அறை எங்குள்ளது, அங்குச் சென்று சேரும் செலவைக் காப்பீடு ஏற்குமா என்பதைப் பணம் செலுத்தும் முன்பே கேட்டறிக.

பில்ஹார்சியா

மலாவி ஏரியில் இந்நோய் உண்டு. நன்னீர் நத்தைகளிலிருந்து வெளிப்படும் நுண்புழுக்கள், சில நிமிடங்களிலேயே தோலைத் துளைத்து உடலுக்குள் புகுகின்றன. தாவரங்கள் அடர்ந்த, கிராமங்களை ஒட்டிய கரையோரங்களில் ஆபத்து அதிகம். படகிலிருந்து நேரே ஆழமான நீரில் இறங்குவோருக்கு அது குறைவு. ஆகவே முக்குளிப்பவரைவிட, கரையில் கால் நனைத்து விளையாடும் குழந்தைக்கே தொற்று ஏற்படும் வாய்ப்பு மிகுதியாக இருக்கலாம். முக்குளிப்பு உடை முழுப் பாதுகாப்பு அளிப்பதில்லை. துண்டால் அழுத்தித் துடைப்பதையும் நம்பியிருக்க இயலாது. இதற்குத் தடுப்பூசி இல்லை.

தொற்றிய சில வாரங்களில் காய்ச்சல், இருமல், தோல் தடிப்பு தோன்றலாம். பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாமலே, பின்னர் சிறுநீரில் இரத்தம் காணப்படும். பிராசிகுவான்டெல் மாத்திரை முதிர்ந்த புழுக்களை அழிக்கும். இளம்புழுக்களிடம் அதன் ஆற்றல் குறைவு. எனவே ஏரியை விட்டு வந்தவுடன் தாமாகவே மாத்திரை உட்கொள்வதால் பயனில்லை. அறிகுறி இல்லாவிடினும், சுமார் மூன்று மாதங்கள் கழித்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

மலேரியா

மலாவியில் ஆண்டு முழுவதும் மலேரியா பரவுகிறது. தடுப்பு மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது, முக்குளிக்கப் போவதை மருத்துவரிடம் கூற வேண்டும். மெஃப்ளோகுயின் தலைச்சுற்றலையும் மனக்குழப்பத்தையும் உண்டாக்கக்கூடும் என்பதால் முக்குளிப்போருக்கு ஏற்றதன்று. டாக்சிசைக்ளின் உட்கொள்வோருக்கு வெயிலில் தோல் எளிதில் கன்றிவிடும். மருந்து எதுவாயினும் நாடு திரும்பிய பின்னரும் குறித்த நாள்வரை தொடர வேண்டும்: டாக்சிசைக்ளின் எனில் நான்கு வாரம், அட்டோவகோன்-புரோகுவானில் எனில் ஏழு நாள்.

மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடு வழியாகச் செல்வோரிடம் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்படலாம். அது ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்தே செல்லும்.

திரும்பிய பின்

பில்ஹார்சியா இந்தியாவில் மிக அரிது. மருத்துவரின் எண்ணத்தில் அது முதலில் தோன்றாமல் போகலாம். காய்ச்சல் கண்டால் அன்றே மலேரியாவுக்கு இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, மலாவி ஏரியில் இறங்கியதையும் இறங்கிய நாள்களையும் மருத்துவரிடம் தெரிவிக்கவும்.