வெளிநாட்டுத் தொலைபேசி எண்ணை இணையத்தில் கண்டறிவது எப்படி?

வெளிநாட்டில் வசிக்கும் உறவினருடனான தொடர்பு அறுந்துபோனால், அந்நாட்டின் இணையவழித் தொலைபேசிக் கையேடு உதவக்கூடும். பிரான்ஸின் ‘பாஜ் பிளான்ஷ்’, ஜெர்மனியின் ‘தாஸ் டெலிபோன்புக்’, இத்தாலியின் ‘பாஜினே பியாங்கே’ ஆகியவற்றில் பெயரையும் ஊரையும் உள்ளிட்டுத் தேடலாம். பெரும்பாலும் தரைவழி எண்களே கிடைக்கும். வெளியிட விரும்பாதோரின் எண்கள் இடம்பெறா.

இந்தியாவிலிருந்து அழைக்கும்போது 00-வுக்குப் பின் நாட்டுக் குறியீட்டைச் சேர்க்க வேண்டும்: பிரான்ஸ் 33, ஜெர்மனி 49, இத்தாலி 39. பிரான்ஸ், ஜெர்மனி எண்களின் தொடக்கத்தில் உள்ள பூஜ்யத்தை நீக்க வேண்டும். இத்தாலியின் தரைவழி எண்களில் அதை நீக்கக் கூடாது.

கையேட்டில் எண் கிடைக்காவிடில் அங்குள்ள இந்தியத் தூதரகத்தை அணுகலாம். போலி எண்களிடம் ஏமாறாதிருக்க, தூதரக எண்ணைத் தேடுபொறி விளம்பரங்களில் அல்லாமல் வெளியுறவு அமைச்சக இணையதளத்தில் பெறுவதே பாதுகாப்பானது.