டிஸ்ட்ரிபியூட்டர் புஷ்ஷும் கோவில்பட்டி லேத்தும்

அம்பாசிடரைப் பற்றி எழுதுறவங்க எல்லாரும் ஆரம்பிக்கிற இடம் ஒண்ணுதான்: மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, உத்தர்பாரா, 1957, கடைசியில 2014-ல் மூடுவிழா. அந்த வண்டி இடையில இத்தனை வருஷம் எப்படி ஓடுச்சுன்னு யாரும் எழுதுறதில்ல. எனக்கு அந்தக் கதை டிஸ்ட்ரிபியூட்டர்ல கிடைச்சுது.

இக்னிஷன் காயில், பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார் என்ற அமைப்பு அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கியது. 1910 மாடல் காடிலாக் கார்களில் வந்தது. அவர் கம்பெனியின் சுருக்கப் பெயர் டெல்கோ. ஸ்பெயினில் டிஸ்ட்ரிபியூட்டருக்கே இன்னைக்கும் 'டெல்கோ'ன்னுதான் பேரு.

நம்ம ஊருக்கு அது பிரிட்டிஷ் லூகாஸ் வழியா வந்துச்சு. சுதந்திரத்துக்குப் பிறகு, வெறுமனே பாகங்களை இறக்கிப் பூட்டி விற்கிற வேலை இனி ஆகாது, இங்கேயே செய்யணும்னு அரசு கறாரா நின்னது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950-களின் நடுவில் மூட்டை கட்டின. 1961-ல் சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் உருவாச்சு. மதுரையில் பஸ் விட்டு வளர்ந்த குடும்பம் பர்மிங்காம் கம்பெனியோடு கைகோத்த கதை அது.

சரி, அது ஏன் தேயுது? எஞ்சின் நிமிஷத்துக்கு 4000 சுற்று சுற்றினா டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் அதுல பாதி, 2000. நாலு சிலிண்டருக்கும் சேர்த்து நிமிஷத்துக்கு 8000 தடவை பாயிண்ட் திறந்து மூடணும். திறக்கிற இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர்தான். ஷாஃப்டைத் தாங்குற புஷ் தேய்ஞ்சு 0.1 மில்லி ஆட்டம் வந்தாலே கணக்குல கால் பங்கு போச்சு. அந்த ஆட்டம் நாலு சிலிண்டருக்கும் ஒரே மாதிரி இருக்காது. இடைவெளி கூடினா பொறி முந்தும், குறைஞ்சா பிந்தும். புதுப் பாயிண்ட் எத்தனை தடவை மாத்தினாலும் வண்டி திக்கிக்கிட்டேதான் இருக்கும். கரிசல்ல கோடைப் புழுதி வேற, எண்ணெயோட சேர்ந்துட்டா அரத்தூள் மாதிரி.

எங்க வீட்டு மார்க் 3-ல இதே சீக்குதான். ரோட்டாரைப் பிடிச்சுப் பக்கவாட்டுல அசைச்சா 'டக் டக்'னு ஆடும். முழு யூனிட்டா வாங்கலாம்னா, நல்லது கிடைக்கிறது அபூர்வம். டீசல் விலை குறைவுன்னு வாடகைக் கார்க்காரங்க டீசல் எஞ்சினுக்கு மாறினப்போ, பொறியே தேவைப்படாத எஞ்சின்ல டிஸ்ட்ரிபியூட்டருக்கு என்ன வேலை? எல்லாம் காயலான் கடைக்கு எடைக்குப் போயிருச்சு.

வீட்டுத் திண்ணையிலேயே கழட்டினேன். ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்குதுன்னு முதல்ல குறிச்சுக்கணும். அடியில இருக்கிற பின்னைத் தட்டி எடுத்தா ஷாஃப்ட் மேல வந்துரும். பாடியையும் ஷாஃப்டையும் கோவில்பட்டியில ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டு போனேன். பருத்தி ஆலையும் தீப்பெட்டித் தொழிலும் இருக்கிற ஊர்ல லேத்துக்குப் பஞ்சமில்ல. அண்ணாச்சி ஷாஃப்டை மைக்ரோமீட்டர்ல அளந்து பார்த்துட்டு, "தம்பி, ஷாஃப்டும் தேஞ்சிருக்கு. புக்ல உள்ள சைசுக்குப் போட்டா ஆட்டம் நிக்காது, இதுக்குத் தக்கன கடையணும்"னாரு. நுண்துளை உள்ள பழைய ரக புஷ்ஷுன்னா ஒரு நாள் எண்ணெயில ஊறப்போட்டாப் போதும். கடைஞ்ச கன்மெட்டல் புஷ் எண்ணெய் குடிக்காது. அதனால உள்ளே ஒரு காடி வெட்டிக் கொடுத்தார்.

இப்போ பலரும் பாயிண்டைத் தூக்கிட்டு எலக்ட்ரானிக் கிட் போடச் சொல்றாங்க. போடலாம், தப்பில்ல. ஆனா புஷ் தேய்ஞ்ச ஷாஃப்ட் மேல அதைப் போட்டா பொறி பலமா வரும், நேரத்துக்கு வரும்னு உறுதி சொல்ல முடியாது. வேகத்துக்கேத்த மாதிரி பொறியை முன்னே தள்ளுற எடைகளும் ஸ்பிரிங்குகளும் அதே ஷாஃப்ட்லதானே இருக்கு?

அந்த ஸ்பிரிங் ரெண்டும் ஒரே மாதிரி இருக்காது, கவனிச்சுக்கோங்க. ஒண்ணு மெலிசு, இன்னொண்ணு தடிப்பு, கொஞ்சம் லூசாவும் மாட்டியிருக்கும். குறைஞ்ச வேகத்துக்கு மெலிசு மட்டும் இழுபடும். வேகம் கூடினதும் தடிப்பும் சேரும். லூசா இருக்கேன்னு யாரும் அதை நெருக்கிறாதீங்க.