நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும்: திண்டுக்கல் குழாய்நீரின் வரலாறு

1. முன்னுரை

திண்டுக்கல் வீடுகளில் ‘தண்ணி’ என்ற சொல் தனியாக நிற்பதில்லை. குடிக்கவும் உலை வைக்கவும் ஆவது நல்ல தண்ணி. துவைக்கவும் பாத்திரம் கழுவவும் ஆவது உப்புத் தண்ணி. முன்னது குழாயில் முறைவைத்து வருவது. பின்னது வீட்டுக் கிணற்றிலோ போரிலோ எப்போதும் கிடைப்பது. உப்புத் தண்ணியில் கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் குடம் காய்ந்ததும் அதன் விளிம்பில் வெள்ளைத் திட்டு படியும். அந்தத் தண்ணியில் போட்ட துவரம்பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் மசியாது. நீரிலுள்ள சுண்ணமும் மக்னீசியமும் பருப்பின் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகின்றன. வேதியியல் படிக்காத பெண்களும் தலைமுறைகளாக இந்தச் சோதனையைச் செய்து, எந்தக் கிணற்றில் பருப்பு வேகும், எதில் வேகாது என்று அறிந்து வைத்திருக்கிறார்கள்.

ஒரே மண்ணுக்குக் கீழே இருக்கும் நீரும் ஒரே வீட்டுக் குழாயில் வரும் நீரும் இப்படி இரண்டு இனமாகப் பிரிந்தது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி. திண்டுக்கல்லுக்குக் குழாய் வந்த வரலாறும் அவ்வூர்க் கிணறுகள் கெட்ட வரலாறும் ஒன்றோடொன்று பின்னியவை. அருகில் இருந்த நீர் கெட்டபோதெல்லாம் ஊர் இன்னும் தொலைவிலிருந்து நீரைக் கொண்டுவந்தது. காலடியில் கெட்ட நீரைத் திருத்தும் வேலை மட்டும் தள்ளிக்கொண்டே போனது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, நிலத்தடி நீர் ஆய்வுகள், இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயம் ஆகியவற்றின் துணையோடு இக்கருத்து இங்கே நிறுவப்படுகிறது.

2. பாறை மேல் ஓர் ஊர்

கிழக்கே சிறுமலை, மேற்கே பழனிமலைத் தொடர், நடுவே தனிப்பாறையாக நிற்கும் கோட்டை மலை: இவற்றுக்கிடையே அமைந்தது திண்டுக்கல் சமவெளி. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கில்லை. கீழ்ப்பழனி மலையில் பிறக்கும் குடகனாறு மழைக்காலத்தில் ஓடி, வேடசந்தூர் வழியாக வடக்கே சென்று அமராவதியில் சேர்கிறது. நிலத்தின் அடியில் இருப்பது கடும்பாறை. மேலே சிதைந்த பாறை அடுக்கிலும் அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். ஆற்றுப்படுகை ஊர்களைப்போல் ஆழமான மணல் அடுக்கு இங்கில்லாததால், சேமிப்பும் குறைவு. கெட்ட நீரை நீர்க்கச் செய்யும் ஆற்றலும் குறைவு.

இந்த நிலத்தை அறிந்தே முன்னோர் குளங்களை வெட்டினார்கள். நூற்றெட்டு விநாயகர் கோயிலின் முன்னே விரிந்திருக்கும் கோபால சமுத்திரம் அவற்றுள் இன்றும் பெயரோடு நிற்பது. குளம் நிறைந்தால் சுற்றுக் கிணறுகளில் ஊற்று ஏறும் என்பது அன்றைய குடிநீர்த் திட்டம். 1865இல் சென்னை மாகாணத்தில் நகர மேம்பாட்டுச் சட்டம் வந்தது. மறு ஆண்டு, 1866இல், திண்டுக்கல் நகராட்சி ஆனது. பின்னர் 1884, 1920ஆம் ஆண்டுகளின் மாவட்ட நகராட்சிச் சட்டங்களின் கீழ் குடிநீர் நகராட்சியின் கடமைகளில் ஒன்றாயிற்று. அதுவரை குளக்கரை வழக்கமும் கிணற்றுக்காரரின் மனமும் முடிவு செய்த ஒன்று, அலுவலகக் கோப்புக்குள் வந்தது.

3. ஆத்தூர்

நகரம் தன் எல்லைக்கு வெளியே நீர் தேடியதன் அடையாளம் ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம். ஆடலூர், பன்றிமலை, தாண்டிக்குடிப் பக்கத்து மலைகளில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி இங்கே தேங்குகிறது. அணையின் உயரம் 23.5 அடி. மலையிலிருந்து நேரே இறங்கும் நீராதலால் இதில் உப்பு மிகக் குறைவு. படிகாரம் இட்டுச் சேற்றைத் தெளியவைத்து, மணற்படுகையில் வடித்து, குளோரின் சேர்த்தால் குடிநீர் ஆகிவிடும். ‘ஆத்தூர் தண்ணி’ என்று திண்டுக்கல்லார் பெருமையோடு சொல்வது வெறும் ஊர்ப்பாசம் அன்று. அந்த நீரின் மென்மைக்குக் காரணம் மலைக்காடு.

ஆனால் ஆத்தூர் மழையை நம்பிய சிறு அணை. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. அத்தகைய ஆண்டுகளில் இந்த அளவுள்ள அணையால் வளர்ந்துவிட்ட நகரத்தைத் தாங்க முடியாது. அப்போது மக்கள் தம் கிணற்றுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்ப முடியாமல் போனதற்கான காரணத்தை அடுத்த பகுதி சொல்லும்.

4. தோலும் உப்பும்

பூட்டு, புகையிலை, தோல் ஆகிய மூன்றும் திண்டுக்கல்லின் பெயரை வெளியூரில் பரப்பியவை. தோல் தொழிலாளர்களின் வாழ்வையும் போராட்டத்தையும் டி. செல்வராஜ் ‘தோல்’ நாவலில் எழுதினார். 2012இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தொழிலாளியின் உடலைத் தோலும் சுண்ணாம்பும் என்ன செய்தன என்பது இலக்கியத்தில் பதிவாகிவிட்டது. நிலத்தடி நீரை என்ன செய்தன என்பதை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

உரித்த தோல் அழுகாதிருக்க அதில் உப்பை அள்ளித் தேய்ப்பார்கள். தோல் ஷாப்புக்கு, அதாவது பதனிடும் ஆலைக்கு, வந்ததும் முதல் வேலை, தொட்டியில் ஊறவைப்பது. தேய்த்த உப்பெல்லாம் அந்த நீரில் கரைந்து இறங்கும். பிறகு சுண்ணாம்புக் குழி. அதில் மயிர் கழன்றுவரும். அதன் பின்னரே பதனிடுதல். பழைய முறையில் ஆவாரம்பட்டை, வேலம்பட்டை, கடுக்காய் போன்ற மரப்பொருள்களால் பதனிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் முயற்சியால் குரோம் முறை அறிமுகமாயிற்று. ஆயினும் நெடுங்காலம் பட்டைமுறையே தமிழகத்தில் பரவலாக இருந்தது.

1970களில் நிலைமை மாறியது. பதனிடாத தோலையும் அரைப்பதனிட்ட தோலையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுமை செய்த தோலின் ஏற்றுமதியை ஊக்குவித்தது. நாட்டுக்கு அன்னியச் செலாவணியும் வேலையும் தந்த முடிவு அது. ஆனால் அதுவரை வெளிநாடுகளில் நடந்துவந்த ஈர வேலைகளும் அவற்றின் கழிவும் பாலாற்றங்கரைக்கும் குடகனாற்றங்கரைக்கும் இடம்பெயர்ந்தன. குரோம் முறையில் சுமார் 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுகின்றன என்றும், ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும் பின்னாளில் உச்ச நீதிமன்றம் குறித்தது. அந்த நீர் அனைத்தும் கழிவாக வெளியேற வேண்டும். வெளியேறி அது தேங்கியது திறந்த நிலத்திலும் ஓடையிலும் குளத்திலும்.

குரோமியம் என்றதும் பலரும் அஞ்சுவார்கள், அஞ்சத்தக்கதே. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் அது லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆனால் பதனிடுதலில் பயன்படும் மூவிணைதிறக் குரோமியம் பெரும்பாலும் சேற்றோடும் மண்ணோடும் ஒட்டி நின்றுவிடும். நிற்காமல் இறங்குவது உப்பு. மண் அதைப் பிடிப்பதில்லை, நுண்ணுயிர் அதைத் தின்பதில்லை, வெயில் அதை ஆவியாக்குவதில்லை. சிதைபாறை வழியே நேரே கிணற்றுக்குச் சென்று சேர்கிறது. கிணறுகளைக் குடிக்க முடியாதவையாக்கியதில் குரோமியத்தைவிட உப்பின் பங்கே பெரிது.

5. வழக்கும் தீர்ப்பும்

1991இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தோல் ஆலைக் கழிவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று நிறுவிய தீர்ப்பு அது. சட்டக் கல்லூரிகளில் வேலூர் வழக்கு என்றே படிக்கப்படுவதால், அதில் திண்டுக்கல்லின் பங்கு பலர் கண்ணில் படுவதில்லை. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு நடத்திய கணக்கெடுப்பைத் தீர்ப்பு எடுத்தாள்கிறது: குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 மாசுபட்டுவிட்டன, பெண்களும் பிள்ளைகளும் குடிநீருக்குப் பல மைல் நடக்கிறார்கள்.

நான்கில் மூன்று கிணறு போயிற்று என்று பொருள். ஒரு கிணறு வெட்ட ஒரு குடும்பம் விற்ற நகையையும் பட்ட கடனையும் இந்த மண்ணில் எல்லோரும் அறிவார்கள். அப்படி வெட்டியவை இவை.

திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்டவும், சுத்திகரிப்பு ஏற்பாடின்றி இயங்காதிருக்கவும் நீதிமன்றம் ஆணையிட்டது; இழப்பை மதிப்பிட ஓர் ஆணையம் அமைக்கவும் வழிசெய்தது. திண்டுக்கல்லிலும் ஆலைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை நடத்தத் தொடங்கின. கழிவின் நாற்றமும் கரிமச் சுமையும் குறைய இது பெரிதும் உதவும். ஆயினும் வழக்கமான உயிரியல் சுத்திகரிப்பு, கரைந்த உப்பை எடுப்பதில்லை. அதற்கு எதிர்ச்சவ்வூடு பரவல் முறையும், எடுத்த உப்பை எங்கே வைப்பது என்ற விடையும் வேண்டும்.

ஐதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவன அறிவியலாளர்கள் மேல் குடகனாற்றுப் படுகையை ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய 80 தோல் ஆலைகள் இயங்கிய பகுதி அது. கணினி மாதிரி வழியே அவர்கள் கண்ட முடிவு கவலை தருவது: மாசின் வரத்து பாதியாகக் குறைந்தாலும் 20 ஆண்டுகளுக்குப் பின்னும் நிலத்தடி நீரின் உப்பு பாதிக்குக் கீழே இறங்காது. ஒரு தலைமுறை செய்ததை இரண்டு தலைமுறை குடிக்க வேண்டும்.

6. பேரணை, காவிரி

நகரம் இதற்குக் கண்ட விடை, இன்னும் நீண்ட குழாய். 1971இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைந்தபின் பல ஊர்களை ஒரே ஆற்றோடு இணைக்கும் கூட்டுக்குடிநீர்த் திட்டங்கள் தமிழகமெங்கும் பெருகின. திண்டுக்கல்லுக்கு வைகையின் பேரணையிலிருந்து நீர் வந்தது. பிறகு காவிரியிலிருந்தும் வந்தது. 2014இல் திண்டுக்கல் மாநகராட்சி ஆனபோது, தன் மழை, தன் மலை, தன் ஆறு எதுவும் போதாமல் அடுத்த படுகைகளின் நீரை எதிர்பார்த்திருக்கும் ஊராக அது மாறியிருந்தது.

இத்திட்டங்கள் இல்லையென்றால் ஊர் வாழ்ந்திருக்காது. அதற்காக உழைத்தவர்களுக்கு நன்றி சொல்லியே ஆகவேண்டும். ஆனால் காவிரித் தண்ணி வந்ததும், கெட்டுக் கிடந்த கிணற்றைப் பற்றிய பேச்சு ஓய்ந்தது. கிணறு குடிநீர் ஆதாரம் என்ற தகுதியை இழந்ததால், அதைச் சோதிப்பதற்கும் காப்பதற்கும் பொறுப்பானவர் எவரும் இல்லாமல் போயினர்.

7. குழாய்க்குள்

தொலைநீர் சுத்தமாகப் புறப்பட்டாலும் சுத்தமாக வந்து சேரும் என்பதில்லை. சில நாளுக்கு ஒருமுறை சில மணி நேரம் விநியோகிக்கும் முறையில், மற்ற நேரமெல்லாம் குழாய் வெறுமையாகக் கிடக்கிறது. அப்போது உள்ளே அழுத்தம் இல்லை. சாக்கடையை ஒட்டிச் செல்லும் இடத்தில் ஒரு விரிசல் இருந்தால் வெளிநீர் உள்ளே கசியும். நீர் வந்ததும் வீட்டுக்கு வீடு மோட்டார் வைத்து உறிஞ்சினால் இந்த ஆபத்து கூடும். முதல் ஐந்து நிமிடம் கலங்கலாக வரும் தண்ணியைத் தெருவில் விட்டுவிட்டுக் குடம் வைக்கும் வழக்கம் அனுபவம் தந்த பாடம்.

நிறமும் மணமும் போனபின்னும் கிருமி இருக்கலாம் என்பதால்தான் எஞ்சிய குளோரின் அளவு முக்கியமாகிறது. கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது அது இருக்க வேண்டும் என்கிறது தர நிர்ணயம். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலந்ததாகப் பதிவேட்டில் எழுதுவது பாதி வேலை. தெருக்கோடி வீட்டில் அளப்பது மறுபாதி.

8. கண்ணுக்குத் தெரியாத ஃபுளோரைடு

சமவெளிக் கிராமங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. இதற்கு எந்த ஆலையும் காரணமில்லை. இங்குள்ள கடும்பாறைக் கனிமங்களிலிருந்தே ஃபுளோரைடு நீரில் கரைகிறது. நிலக்கோட்டை வட்டாரத்தில் காந்திகிராம ஆய்வாளர்கள் இதை ஊர் ஊராக அளந்திருக்கிறார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாதபோது 1.5 வரை அனுமதி. அதற்கு மேல் நெடுங்காலம் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும், எலும்பும் மூட்டும் இறுகும். ஃபுளோரைடுக்குச் சுவை இல்லை. நாக்குக்கு நல்ல தண்ணியாக இருப்பது எலும்புக்குக் கெட்ட தண்ணியாக இருக்கலாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடும் உப்பும் போகா, நீர் சுண்டுவதால் சற்றே கூடும். பருப்பு வேகவைத்துப் பார்த்த பாட்டியின் சோதனை தோற்கும் இடம் இது. இங்கே ஆய்வுக்கூடம் வேண்டும்.

2019 ஆகஸ்டு 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஊரக வீடுகளுக்கு நாளொன்றுக்குத் தலைக்கு 55 லிட்டர் குழாய்நீரை இலக்காக்கியது. கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குக் களச்சோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி தரவும் அது வழிசெய்கிறது. தலைமுறைகளாக நீரைச் சோதித்து வந்தவர்களின் கையிலேயே அளவுகோலைத் தருவது சரியான தொடக்கம்.

9. முடிவுரை

குளம், கிணறு, ஆத்தூர், பேரணை, காவிரி: இந்த வரிசையில் ஒவ்வொரு படியிலும் நீர் புறப்படும் இடம் ஊரைவிட்டு விலகியிருக்கிறது. விலக விலக, நீரைக் காக்கும் பொறுப்பும் மக்கள் கையைவிட்டு விலகியிருக்கிறது. தூரத்து ஆற்றில் வறட்சி வந்தாலோ, வழியில் குழாய் உடைந்தாலோ, மின்சாரம் நின்றாலோ திண்டுக்கல் தாங்குவதற்குக் காலடியில் ஒரு நீர் இருக்க வேண்டும்.

ஆகவே குழாய்நீரின் பாதுகாப்பைக் குழாயில் மட்டும் தேடக் கூடாது. தெருக்கோடிக் குழாயின் குளோரின் அளவு வார்டு வாரியாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். மலைச்சரிவின் காடும் ஆத்தூருக்கு வரும் ஓடைகளும் குடிநீர்த் திட்டத்தின் உறுப்புகளாகவே கருதப்பட வேண்டும். நகரத்தின் குளங்களுக்குச் சாக்கடை போகாமல் மழைநீர் போக வேண்டும். கெட்ட நிலத்தடி நீரை நீர்க்கச் செய்ய இயற்கையிடம் இருக்கும் மருந்து அதுவே. இவை அனைத்துக்கும் முன், 13 கிராமங்களிலும் மீண்டும் ஒருமுறை நடந்து, தீர்ப்பில் எண்ணாக நிற்கும் அந்த 350 கிணறுகளில் இன்று எத்தனை தேறியிருக்கின்றன, எத்தனை தூர்ந்துபோயின என்று ஒவ்வொன்றாக அளந்து எழுத வேண்டும்.