நல்ல துணை

சிலருக்குத் தபால்தலை, சிலருக்குப் பழைய நாணயம். எனக்கு வாய்த்த பைத்தியம் டைப்ரைட்டர். அதிலும் கையில் தூக்கிச் செல்லக்கூடிய பழைய இங்கிலீஷ் மெஷின்கள்.

ஓசூரில், பாகலூர் சாலைப் பக்கம் ஒரு காயலான் கடை. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு, இந்த எல்லையூரில் தேய்ந்துபோன இரும்புக்குக் குறைவில்லை. பற்சக்கரங்களுக்கு நடுவே ஒரு பெட்டி கிடந்தது. திறந்தேன். கறுப்பு உடம்பில் ‘இம்பீரியல் குட் கம்பானியன்’ என்ற எழுத்துக்கள்!

“இரும்பு விலைதான் சார், எடை போட்டு எடுத்துக்கோங்க” என்றார் கடைக்காரர். பேசாமல் பணத்தைக் கொடுத்தேன். வாயைத் திறந்திருந்தால் என் சந்தோஷம் தெரிந்து விலை ஏறியிருக்கும்.

இம்பீரியல் கம்பெனி 1908-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஆரம்பமாயிற்று. 1932-ல் அவர்கள் வெளியிட்ட இந்தச் சிறு மெஷினுக்கு, ஜே. பி. பிரீஸ்ட்லி 1929-ல் எழுதிய நாவலின் பெயரைச் சூட்டினார்கள். நல்ல துணை என்று அர்த்தம். ஓர் இயந்திரத்துக்கு நாவலின் பெயர் என்றால், நாவல் எழுதிப் பிழைக்கும் எனக்குக் கர்வம் வராதா?

அந்தக் கர்வம், கம்பெனியின் பிற்காலத்தைப் படிக்கும்வரைதான். 1966-ல் அது லிட்டன் என்ற அமெரிக்க ஸ்தாபனத்தின் கைக்குப் போயிற்று. அடுத்த சில வருஷங்களில் லெஸ்டர் ஆலைத் தொழிலாளரில் பெரும்பாலோர் ஆசியர்கள். 1972-ல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து விரட்டிய குஜராத்திகளும் அவர்களில் உண்டு. போனஸ் கணக்கில் தங்களை ஏமாற்றுகிறார்கள் என்று 1974 மே முதல் தேதி 39 பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் பின்தொடர்ந்தார்கள். சொந்தத் தொழிற்சங்கமே கைவிட்டபோதும், ஏறக்குறைய மூன்று மாதம் தாக்குப்பிடித்தார்கள். மறு வருஷம் ஆலையே மூடப்பட்டது.

என் மெஷின் அவர்கள் காலத்துக்கு முந்தியது. அவர்கள் விரல் இதில் பட்டிருக்காது. ஆனாலும் சாயங்காலம் ஷிப்டு விட்டுக் கம்பெனி பஸ்களில் தூங்கி வழிந்து வரும் ஓசூர்ப் பிள்ளைகளைப் பார்க்கும்போது லெஸ்டர்தான் நினைவுக்கு வருகிறது. எத்தனை உருப்படி செய்தால் எவ்வளவு கூலி என்ற கணக்கு எந்த ஊரிலும் ஒன்றுதானே?

வீட்டுக்கு வரும் ஸ்நேகிதர்கள் மெஷினைத் தடவிப் பார்த்து, “அசல் வெள்ளைக்காரன் சாமான் இல்லையா?” என்கிறார்கள். முன்பெல்லாம் பெருமையோடு தலையாட்டுவேன். இப்போது, “ஆமாம், நம்மவர்கள் கணக்குக் கேட்ட கம்பெனியின் சாமான்” என்று சொல்லிவிட்டுக் காப்பி கொண்டுவரச் சொல்கிறேன். கதை கொஞ்சம் நீளம் அல்லவா?