பொதுஜன அபிப்பிராயத்தை அளந்த கதை

‘ஜனங்கள் இதைத்தான் விரும்புகிறார்கள்’ என்று சொல்லாத தலைவரும் இல்லை. அப்படி எழுதாத பத்திரிகையும் இல்லை. மேடையில் இச்சொல் முழங்கும்போது கூட்டம் கைதட்டுகிறது. ஆனால், எந்த ஜனங்கள்? எத்தனை பேரைக் கேட்டீர்? என்ன கேட்டீர்? எப்படிக் கேட்டீர்? என்று எழுந்து நின்று வினவுவோர் மிகச் சிலரே. பகுத்தறிவுள்ள எவரும் கேட்க வேண்டிய வினாக்கள் இவை. இவற்றைக் கேளாமல் விட்டதனால் பெரும் பத்திரிகையொன்று அழிந்த வரலாறும், கற்றறிந்த நிபுணர்கள் தலைகுனிந்த வரலாறும் உண்டு. அவ்வரலாற்றைத் தமிழ்த் தொழிலாளரும் நகரவாசிகளும் அறிந்திருத்தல் நலம் என்பது நம் கருத்து.

பொதுஜன அபிப்பிராயத்தைத் தேர்தலுக்கு முன்பே எண்ணிப் பார்க்கும் வழக்கம் அமெரிக்க ஐக்கிய நாட்டில் வளர்ந்தது. 1824-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பென்சில்வேனியாவிலுள்ள ஹாரிஸ்பர்க் நகரத்துப் பத்திரிகையொன்று, டெலவேர் ராஜ்யத்தின் வில்மிங்டன் நகரில் எடுத்த கணக்கொன்றை வெளியிட்டது. ஜனாதிபதி பதவிக்கு ஆண்ட்ரு ஜாக்சனை விரும்பியோர் 335 பேர். ஜான் குவின்சி ஆடம்ஸை விரும்பியோர் 169 பேர். பின்னர் நடந்த தேர்தலில் ஜனங்களின் வாக்கை அதிகம் பெற்றவர் ஜாக்சனே. எனினும் சட்டப்படி தேவையான பெரும்பான்மை எவருக்கும் கிட்டாமையால், பிரதிநிதிகள் சபை கூடி ஆடம்ஸைத் தெரிந்தெடுத்தது. காற்றின் திசையை அறியத் துரும்பை வீசிப் பார்ப்பது போன்றதாகையால், இத்தகைய கணக்கெடுப்பை அந்நாட்டார் ‘வைக்கோல் வாக்கு’ என்று அழைத்தனர்.

இந்தத் துரும்பை மலையளவாகப் பெருக்கியது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் வாரப் பத்திரிகை. 1890-இல் நியூயார்க்கில் தோன்றிய இப்பத்திரிகை, 1916 முதல் ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலுக்கும் முன்னர் தபால் மூலம் வாக்குச்சீட்டு அனுப்பி, யார் வெல்வார் என்று சொல்லி வந்தது. 1932 வரை ஐந்து தேர்தல்களிலும் அதன் வாக்கு பொய்க்கவில்லை. ஆகவே நாட்டார் அதை வேதவாக்காகக் கொண்டனர். ஐந்து முறை பலித்த ஜோசியத்தை ஆறாம் முறை ஐயுறுவார் யார்?

ஆறாம் முறை வந்தது 1936-இல். பெரும் பொருளாதார மந்தத்தால் கோடிக்கணக்கானோர் வேலையிழந்து வாடிய காலம் அது. தொழிலாளருக்கும் ஏழைகளுக்கும் நிவாரணச் சட்டங்கள் கொண்டுவந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஒருபுறம். கான்சாஸ் ராஜ்யத்தின் கவர்னர் ஆல்பிரட் லாண்டன் மறுபுறம். டைஜஸ்ட் பத்திரிகை ஏறக்குறைய ஒரு கோடி வாக்குச்சீட்டுகளை அனுப்பிற்று. திரும்பி வந்தவை 23 லட்சத்துக்கும் மேல். அவற்றை எண்ணி, லாண்டனுக்கு 1,293,669 என்றும் ரூஸ்வெல்ட்டுக்கு 972,897 என்றும் அக்டோபர் 31-ஆம் தேதி இதழில் வெளியிட்டது. இருவர் வாக்கையும் சேர்த்து நோக்கின் லாண்டனுக்கு நூற்றுக்கு 57. மிகப் பெரும் கணக்கெடுப்பன்றோ! ஐயத்துக்கு இடமேது?

மூன்று நாள் கழித்து, நவம்பர் 3-ஆம் தேதி தேர்தல் நடந்தது. ரூஸ்வெல்ட் 48 ராஜ்யங்களில் 46-ஐ வென்றார். மெயின், வெர்மான்ட் என்னும் இரண்டு சிறு ராஜ்யங்களே லாண்டன் பக்கம் நின்றன. ஜனங்களின் வாக்கில் நூற்றுக்கு ஏறக்குறைய 61 பங்கு ரூஸ்வெல்ட்டுக்கே சேர்ந்தது. நாடு நகைத்தது. அந்நகைப்பிலிருந்து டைஜஸ்ட் மீளவேயில்லை. 1938-இல் அது மறைந்தொழிந்தது.

பிழை எங்கே நேர்ந்தது? எண்ணியதில் பிழையில்லை, எவரை எண்ணினார்கள் என்பதிலேதான் பிழை. சீட்டு அனுப்புவதற்கான பெயர்களைப் பெரும்பாலும் டெலிபோன் புத்தகங்களிலிருந்தும், மோட்டார் கார் பதிவேடுகளிலிருந்தும் எடுத்தார்கள். பஞ்ச காலத்தில் டெலிபோன் வைத்திருப்போர் யார்? கார் வைத்திருப்போர் யார்? வேலையிழந்து ரொட்டிக்கு வரிசையில் நின்றவனிடம் இவை ஏது? நம் தோட்டங்களில் அக்காலத்தில் இவ்விதக் கணக்கெடுப்பு நடந்திருந்தால், துரை பங்களாவும் ஆபீசும் பதில் சொல்லியிருக்கும். லயங்கள் வாய் திறந்திரா. முந்தைய தேர்தல்களில் செல்வரும் ஏழையரும் இவ்வளவு தெளிவாகக் கட்சி பிரிந்து நிற்காமையால் குற்றம் வெளித்தோன்றவில்லை. 1936-இல் பிளவு வந்தது, குற்றமும் வெட்டவெளிச்சமாயிற்று.

இரண்டாவது குற்றமும் ஒன்றுண்டு. ஒரு கோடிச் சீட்டில் 76 லட்சத்துக்கு மேல் திரும்பவேயில்லை. மெனக்கெட்டுச் சீட்டை நிரப்பித் தபாலில் சேர்த்தவர் யார், குப்பையில் எறிந்தவர் யார் என்பதை எவரும் ஆராயவில்லை. பெவெரில் ஸ்குவயர் என்னும் ஆராய்ச்சியாளர் 1937-இல் திரட்டிய விவரங்களைக் கொண்டு 1988-இல் இதை ஆராய்ந்தார். பட்டியல் கோணலாயிருந்தது மட்டுமன்று, பதில் அனுப்பியோரும் அனுப்பாதோரும் வேறு வேறு கருத்துடையவர்களாயிருந்தனர் என்று அவர் காட்டினார். மௌனம் சம்மதமென்பர். ஆனால் கணக்கெடுப்பில் மௌனத்தைச் சம்மதமென்றோ எதிர்ப்பென்றோ கொள்வதற்கில்லை. பேசினவர் கருத்தே பேசாதவர் கருத்தும் என்று கொள்வதோ பெருந்தவறு.

அதே ஆண்டில் அயோவா ராஜ்யத்தில் பிறந்த ஜார்ஜ் காலப் என்பவர் வேறு வழியில் முயன்றார். 1935-இல் தமது அபிப்பிராய ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிய அவர், கோடிச் சீட்டு அனுப்பவில்லை. நாட்டில் நகரத்தார் எத்தனை பங்கு, கிராமத்தார் எத்தனை பங்கு, செல்வர் எத்தனை, ஏழையர் எத்தனை என்று கணக்கிட்டு, அந்தப் பங்கின்படி ஆட்களைத் தேர்ந்து கேட்டார். டைஜஸ்ட் கேட்ட தொகையில் மிகச் சிறு பகுதியினரையே கேட்டு, ரூஸ்வெல்ட்டே வெல்வார் என்றார். அதனினும் வியப்பு யாதெனின், டைஜஸ்ட் தன் கணக்கை வெளியிடுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, அது லாண்டனுக்கு 56, ரூஸ்வெல்ட்டுக்கு 44 என்று சொல்லித் தவறப் போகிறது என்று ஜூலை மாதத்திலேயே எழுதிவிட்டார்.

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் பெண்மணிகள் அன்றாடம் அடுப்படியில் கையாளும் விஞ்ஞானம். ஆயினும் அவர்கள் பானையைக் கிளறிய பின்னரே பருக்கையை எடுக்கிறார்கள். கிளறாத பானையின் மேற்பக்கத்திலிருந்து ஒரு படி சோறு அள்ளிப் பார்த்தாலும் அடியில் குழைந்ததா, நடுவில் வெந்ததா என்பது விளங்காது. டைஜஸ்ட் படிக்கணக்கில் அள்ளிற்று. காலப் கிளறி எடுத்தார். முழு வேற்றுமையும் இதுவே.

காலப்பும் பிழைக்கு அப்பாற்பட்டவரல்லர். 1948-இல் ஹாரி ட்ரூமனைத் தாமஸ் டூயி தோற்கடிப்பார் என்று அவரும் ஏனைய நிபுணரும் ஒருமுகமாகக் கூறினர். சிக்காகோ ட்ரிப்யூன் பத்திரிகை ‘டூயி வென்றார்’ என்றே தலைப்பிட்டு அச்சடித்துவிட்டது. வென்றவரோ ட்ரூமன்! இத்தனை கூலிக்காரர், இத்தனை வியாபாரிகள் என்று பங்கு மட்டும் வகுத்துவிட்டு, அப்பங்குக்குள் யாரைக் கேட்பது என்பதைக் கேட்கப் போகும் ஆளின் விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள். அவரோ எளிதில் அகப்பட்டவரையே கேட்டார். மேலும், அக்டோபர் நடுவிலேயே கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கடைசி நாட்களில் மாறிய மனங்கள் கணக்கில் ஏறவில்லை. அதன் பின்னரே, எவர் பெயரையும் எவர் விருப்பத்துக்கும் விடாது சீட்டுக் குலுக்கி எடுப்பது போலத் தெரிந்தெடுக்கும் முறை நாளடைவில் ஓங்கிற்று.

நிற்க. ஆட்களைச் சரியாகத் தெரிந்தெடுத்தாலும், வினா கோணலாயிருப்பின் விடையும் கோணலே. அமெரிக்காவில் டொனால்ட் ரக் என்பவர் 1941-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ‘ஜனநாயகத்துக்கு எதிரான பொதுப் பேச்சுகளை அனுமதிக்க வேண்டுமா?’ என்று ஒரு சாராரைக் கேட்டபோது, அனுமதிக்கக் கூடாதென்றோர் நூற்றுக்கு 62. ‘அப்பேச்சுகளைத் தடை செய்ய வேண்டுமா?’ என்று மற்றொரு சாராரைக் கேட்டபோது, தடை செய்க என்றோர் 46 மட்டுமே. அனுமதியாமையும் தடுத்தலும் பொருளில் ஒன்றே. ஆனால் ‘தடை’ என்னும் சொல் கடுமையாய் ஒலித்ததால் பலர் பின்வாங்கினர். ஒரு சொல்லை மாற்றி நூற்றில் பதினாறு பேரை மாற்றலாமெனில், வினா எழுதுவோன் கையில் எத்துணை அதிகாரம் இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

வினாவைப் போலவே, விடைக்கென வைக்கும் தெரிவுகளும் முடிவை ஆள்கின்றன. இதற்குச் சான்று தேடக் கடல் கடக்க வேண்டா. 1962 செப்டம்பர் 1-ஆம் தேதி சிங்கப்பூரில், மலாயாவுடன் இணைவது பற்றிப் பொதுஜன வாக்கெடுப்பு நடந்தது. இது கணக்கெடுப்பன்று, சட்டப்படி நடந்த வாக்கெடுப்பே. எனினும் தெரிவு என்பதன் வலிமை அதில் நன்கு தெரியும். சீட்டில் மூன்று தெரிவுகள் இருந்தன. மூன்றும் இணையும் விதங்களே. இணைய வேண்டா என்னும் தெரிவு இல்லை. எதிர்க்கட்சியான பாரிசான் சோசியாலிஸ் வெற்றுச் சீட்டு இடுமாறு வேண்டிற்று. முதல் தெரிவுக்கு 397,626 வாக்குகள் விழுந்தன. வெற்றுச் சீட்டுகள் 144,077. இணைப்பு நன்றா தீதா என்பது வேறு விவாதம். சீட்டில் இல்லாத கருத்துக்கு வெற்றுத்தாளே வழியாகிறது என்பதே ஈண்டு கவனிக்கத்தக்கது.

இன்று தபாலும் வேண்டா, டெலிபோன் புத்தகமும் வேண்டா. கைப்பேசியில் ஒரு வினாவை இட்டால் மாலைக்குள் ஆயிரம் விடைகள் வந்து குவிகின்றன. சங்கங்களும் சபைகளும் பத்திரிகைகளும் இணையத்தில் இவ்வாறே கேட்கின்றன. நன்று! ஆனால் இது டைஜஸ்டின் பழைய நோயைப் புதிய உடலில் ஏற்றிய கதையாகலாம். வினாவைக் கண்டவர் மட்டும் விடை சொல்கிறார். கண்டவருள்ளும் ஆர்வமோ கோபமோ மிக்கவரே சொல்கிறார். ஒருவரே பல பெயரில் பலமுறை சொல்லவும் கூடும்.

2016-இல் பிரிட்டனின் இயற்கைச் சூழல் ஆராய்ச்சிக் குழு தன் புதிய துருவக் கப்பலுக்குப் பெயர் சூட்டுமாறு இணையத்தில் ஜனங்களைக் கேட்டது. வேடிக்கையாக ஒருவர் முன்மொழிந்த ‘போட்டி மெக்போட்ஃபேஸ்’ என்னும் பெயர் 124,109 வாக்குகளுடன் முதலிடம் பெற்றது. அரசாங்கமோ டேவிட் அட்டன்பரோ பெயரைக் கப்பலுக்கு இட்டது. வேடிக்கைப் பெயர் அதிலுள்ள சிறு நீர்மூழ்கிக் கருவிக்குப் போயிற்று. கேட்ட பின் கேளாதது போல் நடந்தால் நகைப்பும் மனக்கசப்புமே மிஞ்சும்.

ஆகவே, தமிழ்ச் சங்கமோ, தொழிற்சங்கக் கிளையோ, பள்ளிப் பெற்றோர் சபையோ கருத்துக் கேட்கப் புகுமுன் சில நெறிகளைக் கொள்ளுதல் வேண்டும். முதலில், யாருடைய கருத்து வேண்டுமோ அவர்கள் எல்லோருடைய பெயர்ப்பட்டியலையும் எழுதுக. அப்பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்து, எடுத்தவரைத் தேடிச் சென்று கேட்க. கைப்பேசி இல்லாத பாட்டியையும், இரவு வேலை பார்த்துப் பகலில் உறங்குபவரையும் விட்டுவிடற்க. ஒரு வினாவில் ஒரு செய்தியையே கேட்க. புகழ்ச்சியோ பழிப்போ கலந்த சொல்லை நீக்குக. ‘இவற்றில் எதுவும் வேண்டா’, ‘எனக்குத் தெரியாது’ என்னும் இரண்டு விடைகளுக்கும் இடம் வைக்க. மேலாளர் முன்னிலையிலோ தலைவர் முன்னிலையிலோ கேட்டால் அச்சமே விடை கூறும், இரகசியமாய்க் கேட்க. முடிவை வெளியிடும்போது எத்தனை பேரைக் கேட்டோம், எத்தனை பேர் சொன்னார், வினாவின் வாசகம் யாது என்னும் மூன்றையும் சேர்த்தே வெளியிடுக. இறுதியாக, வரும் விடையை ஏற்று நடக்கும் எண்ணமில்லையேல் கேளாதிருத்தலே நேர்மை.

1936-இல் அமெரிக்க ஏழை மக்கள் அபிப்பிராயம் இல்லாதவர்களாயிருக்கவில்லை. அவர்களிடம் டெலிபோன் இல்லை, அவ்வளவே. அவர்களுக்கு வாக்குரிமை இருந்தமையால் மூன்றே நாளில் தம் கருத்தை நிலைநாட்டினார்கள்; பத்திரிகையின் பிழையும் உடனே அம்பலமாயிற்று. சங்கத்தின் முடிவுக்கும் பள்ளியின் முடிவுக்கும் நிர்வாகத்தின் முடிவுக்கும் அப்படியொரு தேர்தல் நாள் எப்போதும் வருவதில்லை. அங்கே கேட்கப்படாதவன் கேட்கப்படாதவனாகவே போய்விடுகிறான். அவன் பெயராலேயே, அவன் விரும்பாதது நிறைவேறுகிறது. ஆதலால், ‘ஜனங்கள் இதைத்தான் விரும்புகிறார்கள்’ என்று யாரேனும் இனி உரைத்தால், தோழர்களே, கைதட்டுவதற்கு முன் எழுந்து நின்று வினவுங்கள்: என்னைக் கேட்டீரா? என் பக்கத்து வீட்டாரைக் கேட்டீரா? என்ன சொல்லிக் கேட்டீர்?