ஹான்லேயும் காவலூரும்: இரண்டு இருட்டுகள்

லடாக்கின் ஹான்லே வானாய்வகம் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், மரமே இல்லாத குளிர்பாலையில் இருக்கிறது. ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகம் 725 மீட்டரில், காட்டுக்கு நடுவே. இரண்டையும் நடத்துவது இந்திய வானியற்பியல் நிறுவனமே.

எங்கே இருட்டு அதிகம் என்பதில் விவாதமே இல்லை. ஹான்லேயைச் சுற்றிய பகுதி 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வீட்டு விளக்குகள் தரை நோக்கிக் கவிந்திருக்கும். சன்னல்களில் தடித்த திரை தொங்கும். காவலூரிலோ அடிவானத்தின் ஓரத்தில் ஊர்களின் வெளிச்சம் கசிகிறது.

ஆனால் தெற்கே திரும்பினால் கணக்கு மாறுகிறது. காவலூர் ஏறக்குறைய 12.5 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல், மே இரவுகளில் தென்சிலுவை மரங்களுக்கு மேலே எழுந்து நிற்கும். 33 பாகையை ஒட்டிய ஹான்லேயில் அது முழு உருவில் எழுவதே இல்லை. அகத்திய விண்மீனும் அங்கே அடிவானத்தை உரசிக்கொண்டுதான் போகும், மலை மறைக்காவிட்டால். துருவ விண்மீனுக்கோ நிலை தலைகீழ்: ஹான்லேயில் நல்ல உயரம், காவலூரில் மரக்கிளைகளுக்கு நடுவே தேட வேண்டும்.

வியப்பு கண்ணில் இருக்கிறது. இருளில் பார்க்கும் விழித்திரைக்கு ஆக்சிஜன் மிகுதியாக வேண்டும். ஹான்லேயின் காற்றழுத்தமோ கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியைச் சற்றே தாண்டும். ஆக, வானம் தெளிவாக இருக்குமிடத்தில் பார்வை மங்குகிறது. பார்வை முழுமையாக இருக்குமிடத்தில் வானம் மங்கியிருக்கிறது.

பெயர்களிலோ ஒரு நேர்ப் பொருத்தம். காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கி சென்னையில் பிறந்த வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்குகிறது. ஹான்லேயின் 2 மீட்டர் தொலைநோக்கிக்கு லாகூரில் பிறந்த தமிழர், வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயர். வடக்கே பிறந்தவர் வடக்கிலும் தெற்கே பிறந்தவர் தெற்கிலும் நிலைத்தது தற்செயல்தான். எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஹான்லேயின் இந்தச் சந்திரா தொலைநோக்கியை வானியலாளர்கள் பெங்களூருக்கு அருகிலுள்ள ஹொசகோட்டேயிலிருந்தே செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள். ஆனால் ஹான்லே வானத்தின் கீழே கையுறையோடு நின்று, பயணிக்குச் சனியின் வளையத்தைக் காட்டுபவர் பயிற்சி பெற்ற கிராமத்துக்காரர்.

முதன்முறை வான்நோக்கப் போகிறவரை ஜவ்வாது மலைக்கே அனுப்புவேன். ஹான்லேயில் விண்மீன்கள் அவ்வளவு நெருக்கமாகக் கொட்டிக்கிடப்பதால் பழகியவருக்கே ஓரியன் என்னும் வேடனைப் பிரித்தெடுக்க ஒரு நிமிடம் ஆகும். காவலூரின் அரைகுறை இருட்டில் மங்கல் விண்மீன்கள் விலகிக்கொள்ள, வேடனின் இடைவாரில் அந்த மூன்று மட்டும் வரிசையாகத் தெரியும்.